இன்னைக்கு வரைக்கும் சரி

டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை. பஸ். கிளம்பவா வேண்டாமா என்று உறுமிக்கொண்டு நிற்கும் ஒரு பஸ். அதன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு, "ஏறும்மா, ஏறு, போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்" என்று அதட்டும் குரல். சாவகாசமாக உட்கார்ந்து நினைக்கத் தோதான ஆள் இல்லை அவர். இப்போதும் அவர் ஞாபகம் வந்தால் நான் எழுந்து வாசல்வரை போய்விட்டுத்தான் திரும்புகிறேன். எதையோ போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிட்ட மாதிரி, அடுப்பில் பால் இருக்கிற மாதிரி, ஒரு அரிப்பு.

தஞ்சாவூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் அவர் பெரிய டாக்டர். நான் அங்கே சமூகப் பணியாளர். நோயாளியின் வீட்டாரோடு பேசுவது, ஊர் விவரம் விசாரிப்பது, மாத்திரை வாங்க வராமல் போனவர்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. வார்டின் கோடியில் கம்பிக் கதவு போட்ட ஓர் அறை உண்டு. கோர்ட்டு அனுப்பிவைக்கும் ஆட்களுக்கானது அது. வெட்டியவர், கொளுத்தியவர், பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போட்டவர். கூடவே ஒரு கான்ஸ்டபிளும் ஓர் உத்தரவும் வரும். உத்தரவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் கேள்வி இரண்டுதான். அதைச் செய்தபோது இந்த ஆளுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா? வெளியே விட்டால் மறுபடியும் செய்வாரா?

டாக்டர்கள் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள், பேசுவார்கள், பதில் எழுதி அனுப்புவார்கள். அனுப்பியதும் மறப்பார்கள். மறக்காவிட்டால் அடுத்த ஆளைப் பார்க்க முடியாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

டாக்டரம்மாவுக்கு மட்டும் எழுதி அனுப்பிய பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். சரியாக எழுதினோமா? 'விட்டால் ஒன்றும் செய்யமாட்டார்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோமே, அவர் நிஜமாகவே ஒன்றும் செய்யாமல்தான் இருக்கிறாரா? ஒரு வருஷம் கழித்தோ இரண்டு வருஷம் கழித்தோ அந்த ஊருக்கே போய் நிற்பார். அரசாங்கம் போகச் சொல்லவில்லை, பயணப்படி கிடையாது. லீவு நாளில்தான் போக முடியும், அதில் என் லீவும் சேர்த்தி.

பாபநாசம் பக்கம் ஒரு பெண் இருந்தார். கொழுந்தன் வீட்டு வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிட்டு, எரிந்து முடியும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டரம்மா எழுதினார். நாங்கள் போன அன்று ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு, காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு போனவர், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டரா? நான் ஒண்ணும் பண்ணலையேங்க!"

"அதைத்தாம்மா பாக்க வந்தேன்."

"ஒண்ணும் பண்ணாததைப் பாக்கவா தஞ்சாவூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க?"

அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இங்க பாருடி, ஒண்ணும் இல்லாததைப் பாக்க ரெண்டு பேரு வந்திருக்காங்க" என்று காட்டினார். மோர் கொடுத்தார். அவர் உள்ளே போன நேரத்தில் டாக்டரம்மா மெதுவாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விசாரித்தார். தூங்குறாங்களா, மாத்திரை போடுறாங்களா, சண்டை உண்டா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னைக்கு வரைக்கும் சரி."

அவ்வளவுதான் அவர் சொல்வது. 'நான் சொன்னது சரியாகப் போச்சு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்பதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்.

எல்லாப் பயணமும் அப்படி முடியாது. ஓர் ஊரில் நாங்கள் போய் நின்றபோது கதவைத் திறந்த பெண்ணின் புருவத்துக்கு மேல் புதுத் தையல் இருந்தது. "உங்க பேப்பரைக் காட்டித்தான் எங்க வீட்டுக்காரரு வெளிய வந்தாரு" என்றாள், கோபமே இல்லாத குரலில். திரும்பி வரும் வழி முழுக்க டாக்டரம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். பொட்டலம் பிரிக்கப்படவில்லை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது "தப்பு" என்றார். தனக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா, தெரியவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணுக்காகப் போலீசில் யாரையோ பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

வார்டில் இதெல்லாம் கேலிக்கு ஆனது. "டாக்டரம்மாவையே ஒரு வாரம் உள்ள போட்டு அப்சர்வேஷன் பண்ணுனா என்ன?" என்பார் அட்டெண்டர். அது அவர் காதில் விழுந்தபோது, "பண்ணுங்க. ஆனா ரெண்டு டாக்டர் தனித்தனியாப் பாக்கணும்" என்றார். அது இன்னொரு பிடிவாதம். கோர்ட்டிலிருந்து வரும் ஆளை இரண்டு டாக்டர்கள் தனித்தனியே பார்க்கவேண்டும், எழுதி முடிக்கும்வரை ஒருத்தருக்கொருத்தர் மூச்சுவிடக்கூடாது, அதன் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து படிக்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் உற்சாகம். "ஒரே ஆளு. உங்களுக்கு ஒருத்தனாத் தெரியுறான், எனக்கு வேறொருத்தனாத் தெரியுறான். அப்ப நாம யாரை எழுதிக்கிட்டு இருக்கோம்?" என்று மேஜையைத் தட்டுவார். "பரீட்சை ஹாலா இது?" என்று மற்ற டாக்டர்கள் முணுமுணுப்பார்கள்.

திருவாரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு கைரேகை ஜோசியர் உட்கார்ந்திருப்பார். ஒருதரம் டாக்டரம்மா அவரிடம் கையைக் காட்டியிருக்கிறார். அடுத்தமுறை அந்த வழியாக வந்தபோது நேரே அவர் முன்னால் போய்க் குந்தினார்.

"இடமாற்றம் உண்டு, தொண்டையில ஒரு உபாதை வரும்னீங்க. ரெண்டும் வரல."

ஜோசியர் மிரண்டுவிட்டார். "காசைத் திருப்பித் தரணுமாம்மா?"

"காசு கிடக்கட்டும். தப்பாப் போச்சுன்னு இதுக்கு முன்னாடி யாராவது வந்து சொல்லியிருக்காங்களா?"

"யாரும்மா வருவாங்க?"

"எங்கிட்டயும் வர மாட்டாங்க. அதான் ரெண்டு பேருக்கும் தொழில் நல்லா ஓடுது."

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஆனால் வெண்ணாற்றுப் பாலத்தில் ஒரு நெல் லாரி அச்சு முறிந்து, எங்கள் பஸ் நகராமல் நின்றுவிட்ட மத்தியானத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவர் பேசியது வேறு மாதிரி.

"விடலாம்னு எழுதினவங்களைத்தாம்மா நாம போய்ப் பாக்குறோம். விடக்கூடாதுன்னு எழுதினேனே, அவங்க? கதவைத் திறந்தாத்தானே நான் சொன்னது சரியா தப்பான்னு தெரியும்? கதவையே திறக்கல. அதுல ஒருத்தன், வெளிய விட்டிருந்தா, பொண்டாட்டி புள்ளையோட ஒழுங்கா இருந்திருப்பான். அந்தத் தப்பு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியப்போறதில்ல. எந்தப் பஸ்ஸும் அந்த ஊருக்குப் போகாது."

கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. நிற்பது நாங்கள் மட்டும்தான் போல இருந்தது.

இவ்வளவு சந்தேகப்பட்ட மனுஷி ஒரே ஒருமுறை சந்தேகப்படவில்லை. அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

நன்னிலத்துக்கு அப்பால், ஆற்றுத்தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்த அண்ணனைக் கடப்பாரையால் அடித்துவிட்டார். அண்ணன் பிழைத்துக்கொண்டார், இடது கை மட்டும் மடங்காமல் போய்விட்டது. போலீஸ் காகிதத்தில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று போட்டிருந்தது.

வார்டில் அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். ஒரே ஒரு விஷயம். விடிவதற்கு முன்னால் எழுந்து போய் முகம் கழுவும் குழாயைப் பாதி திறந்துவிட்டுக் குனிந்து நிற்கிறார் என்று நர்ஸ் சொன்னார்.

டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தண்ணி வருதான்னு பாக்குறீங்களா?"

"ஆமாங்க."

"முறைக்கு முழிச்ச பழக்கமா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஓர் ஊரே இருந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவர் குடும்பத்துக்கு ஒருகாலத்தில் நிலம் இருந்தது; அவர் காலேஜ் படிக்கும்போதே விற்றாகிவிட்டது. ஆனாலும் நிலத்துப் பேச்சு வந்தால் குரல் மாறிவிடும். கடைமடையில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள், உன் முறை வருகிற நேரத்தில் தூங்கிப்போனால் உன் பயிர் காய்ந்துவிடும், அப்படி முழித்து முழித்து அந்த ஊர்க்காரர்களுக்கு உடம்பே கடிகாரம் ஆகிவிடும் என்று எங்களுக்கெல்லாம் விளக்கினார். வழக்கமாக இப்படி ஓர் ஆள் வந்தால் என்னைத்தான் ஊருக்கு அனுப்புவார். இந்தத் தடவை, "அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்மா" என்றார். போனில் மட்டும் பேசினேன். அண்ணனுடைய மனைவிதான் எடுத்தார். "நல்லாத்தாங்க இருந்தாரு. கோவக்காரரு, அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஆளைத் தனியாகப் பார்த்த இன்னொருவர் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டர். எதிரெதிரே உட்கார்ந்து படித்தபோது அவர் எழுதியிருந்தது: நோய் இருக்கிறது, இன்னும் சில நாள் பார்க்கவேண்டும்.

"எதை வச்சு?" என்றார் டாக்டரம்மா.

"குழாய்கிட்ட நிக்கும்போது வாய் அசையுது மேடம். கொஞ்சம் நிறுத்துறாரு, தலையாட்டுறாரு, மறுபடி அசையுது. பதில் சொல்ற மாதிரி இருக்கு."

"கடைமடைக்காரன் தண்ணிகிட்ட பேசாம வேற யார்கிட்ட பேசுவான் தம்பி? நீங்க வயலைப் பாத்திருக்கீங்களா?"

"ரயில்லேர்ந்து பாத்திருக்கேன் மேடம்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், பாவம். மூத்தவர் சொன்னபடியே கோர்ட்டுக்குப் போயிற்று: புத்தித் தெளிவோடு இருக்கிறார், செய்ததை அறிந்தே செய்திருக்கிறார்.

கேஸ் விசாரணைக்கு வருவதற்கு முந்தின மாதம் வேறொருவரைப் பார்க்க நன்னிலம் போயிருந்தோம். அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அந்தக் கடைமடை ஊரைப் பாத்துட்டுப் போயிடுவோம்" என்று டாக்டரம்மா கிளம்பினார். சந்தேகத்தில் போகவில்லை. சொந்த ஊர்க் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி ஆசையாகப் போனார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது.

அண்ணன் நெல் கொள்முதல் நிலையத்துக்கு இடம் பிடிக்கப் போயிருந்தார். அண்ணி இருந்தார். வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் என்றதும் நாற்காலி வந்தது, காபி வந்தது.

"உங்களுக்கு முறை என்னைக்கும்மா?" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

"என்ன முறைங்க?"

"வாய்க்கால் தண்ணி முறை."

அண்ணி சிரித்துவிட்டார். "அதெல்லாம் எங்க மாமனார் காலத்தோட போச்சுங்க. போர்செட் போட்டு எவ்வளவோ வருஷமாச்சு. கரண்டு வந்தா தண்ணி."

"உங்க கொழுந்தனாரு பழைய பழக்கத்துல…"

"அவருக்கும் வயலுக்கும் என்னங்க? படிச்சு முடிச்சதும் சிங்கப்பூர் போனவரு. கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை. வரப்புல நடக்கச் சொன்னா வழுக்கி விழுவாரு. அங்கேருந்து வந்ததுலேருந்து பைப்படியிலயேதான் நிப்பாரு. உள்ளேருந்து பேசுறாங்க அண்ணி, எம்பேரைச் சொல்றாங்க அண்ணிம்பாரு. மூடுனா கெட்ட கோவம் வரும். அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு, தண்ணி வீணாப் போகுதேன்னு…"

அந்த இடத்தில் நிறுத்தினார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவர் முகத்தில் மெல்ல ஏறுவதை நான் பார்த்தேன்.

"டாக்டரம்மா, நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். நல்லா இருக்கும். ஜெயில்ல போட்டாங்கன்னா பல வருஷம் ஆகும். அதுக்குள்ள இதுங்க ரெண்டையும் கட்டிக் குடுத்துடுவேன். நோய்னு சொன்னா மருந்தைக் குடுத்துத் திருப்பி இங்கதானே அனுப்புவாங்க? இந்த வீட்டுக்குத்தானே?"

டாக்டரம்மா காபியைக் குடித்து முடித்தார். எழுந்து கொல்லைப்பக்கம் போய் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சாதாரணக் குழாய். கீழே துணி துவைக்கும் கல், பக்கத்தில் ஒரு வாழை.

பஸ்ஸில் நீடாமங்கலம் தாண்டித்தான் பேசினார். "பதிலை நானே அவர் கையில குடுத்துட்டேம்மா. முறைக்கா முழிச்சீங்கன்னு கேட்டேன் பாரு. பெரியவங்க கேக்குறாங்களேன்னு மரியாதைக்கு வாங்கிக்கிட்டாரு."

"போலீஸ் பேப்பர்லயே விவசாயம்னுதானே மேடம் இருந்துச்சு."

"அந்த ஊர்ல பொறந்தா போலீசுக்கு எல்லாரும் விவசாயம். எனக்குந்தான். ஊர்ப் பேரைக் கேட்டேன், ஆள் முடிஞ்சுபோச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளை ரயில்லேருந்துதான் பாத்துச்சு. ஆனா பாத்துச்சு" என்றார்.

மறுநாள் இளம் டாக்டரின் அறைக்கு அவரே நடந்து போய், வாசலில் நின்று, "நீங்க எழுதினதுதான் தம்பி சரி" என்று சொன்னதை வார்டே கேட்டது.

கோர்ட்டில் அவர் சாட்சி சொன்ன அன்று நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அரசு வக்கீல் சாவகாசமாக எழுந்தார். 'நான் கொடுத்த அறிக்கை சரி' என்ற ஒரு வரிக்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் எழுதினது தப்பு" என்றார் டாக்டரம்மா.

எப்படித் தப்பு, எங்கே போய்த் தெரிந்துகொண்டார், யார் முதலிலேயே சரியாகப் பார்த்தார், எல்லாவற்றையும் சொன்னார். அரசு வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இப்படித் தப்பா எழுதுறது டாக்டருக்கு வழக்கமா?"

"போய்ப் பாத்தவரைக்கும் சிலது தப்பாத்தான் இருந்துச்சு."

"அப்ப மத்ததெல்லாம் சரியா?"

"தெரியாது. போய்ப் பாக்க முடியல."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாசலில் அண்ணி நின்றிருந்தார். பக்கத்தில், மடங்காத கையைத் துண்டால் மூடிக்கொண்டு அண்ணன். அண்ணி எங்களை வழிமறித்து, "எம்பொண்ணுங்களை நெனைச்சுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். டாக்டரம்மா, "நெனைச்சேன்" என்றார்.

அதன் பிறகு அவர் சாட்சி சொன்ன ஒவ்வொரு கேஸிலும் வக்கீல்கள் இதையே எடுத்தார்கள். 'நீங்கள்தானே அந்தக் குழாய்க் கேஸ் டாக்டர்?' மேலிடத்தில் கூப்பிட்டுக் கடிந்தார்கள், ஆஸ்பத்திரியின் பேர் போயிற்று என்று. "கேக்கட்டும்மா. என்னை மட்டும் இல்ல, எல்லா டாக்டரையும் கேக்கணும்" என்பார். ஆனால் கோர்ட்டுக்குப் போகிற நாட்களில் அவர் காலையில் சாப்பிடுவதில்லை. அது எனக்குத் தெரியும்.

அந்த ஆளை ஜெயிலில் போடாமல் சென்னையில் சிகிச்சைக்கு வைத்தார்கள். சில வருஷம் கழித்து, வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டுக் கோர்ட்டு உத்தரவு மறுபடியும் டாக்டரம்மாவிடமே வந்தது. அவர் இந்தத் தடவை யாருடைய ஊரையும் தெரியும் என்று சொல்லவில்லை. போய்ப் போய்ப் பார்த்தார். பதிலைத் தானே எடுத்துக் கையில் கொடுக்காமல், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அனுப்பலாம் என்று எழுதினார். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய் அதை நேரிலேயே சொன்னார்.

அண்ணன், "தம்பி வரட்டும்ங்க" என்றார். அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மறுபடி ஏதாச்சும் நடந்துச்சுன்னா நீங்க வருவீங்களா டாக்டரம்மா?"

"நடந்தாலும் வருவேன். நடக்கலைன்னாலும் வருவேன்."

வந்தார். ரிட்டையர் ஆன பிறகும் வந்தார். முழங்கால் போன பிறகு, படியில் நான் கைகொடுத்து ஏற்ற, வந்தார். அந்த ஆள் நன்னிலத்தில் ஒரு பட்டறையில் கிரில் கேட் அடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போட்டார். அண்ணன் பெண்களில் மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்தப் பந்தலுக்குச் சாப்பாட்டு மேஜை தூக்கிப் போட்டவர் அவர்தான். "குழாய்ல ஏதாச்சும்?" என்று டாக்டரம்மா கேட்பார். "எப்பவாவதுங்க. இப்ப தூரத்துல கேக்குது" என்பார் அவர். நாலு மணிக்கு வரும் டவுன் பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. ஓடிப்போய் ஏறுவோம். சீட்டுப் பிடித்ததும் பொட்டலம் பிரியும். "இன்னைக்கு வரைக்கும் சரி."

போன தை மாதம் டாக்டரம்மா இறந்துபோனார். போனில் செய்தி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்த வீட்டுக்கு யார் சொல்வார்கள் என்பதுதான். காரியமெல்லாம் முடிந்து தனியாகப் பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டேன், யாரும் உட்கார்ந்துவிடாதபடி.

சொன்னதும் அண்ணி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "சண்டை போட்ட எங்கிட்டதான் அதிகம் பேசுவாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே யாரு வந்து பாப்பாங்க?" என்றார். சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உலை வைத்தார். நாலு மணி பஸ் போய்விட்டது. நன்னிலம்வரை கொண்டுவிடப் பெரியவர் ஒருத்தரின் ஆட்டோவைச் சொல்லிவிட்டார்கள்.

வெளிச்சம் இறங்க ஆரம்பித்தபோது அந்த ஆள் பட்டறையிலிருந்து வந்தார். செய்தியைக் கேட்டார். கொல்லைக்குப் போய்க் கைகால் கழுவினார், குழாயை மூடினார். அடுப்படிக்குள் போய் அருவாமணையை எடுத்தார். மூலையில் சார்த்தியிருந்த கடப்பாரையை எடுத்தார். நான் எழுந்துவிட்டேன். அண்ணி பருப்பைக் கடைந்துகொண்டே இருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரு பழைய சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குள் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"என்னங்க இது?" என்றேன் அண்ணியிடம்.

"வந்த நாள்லேருந்து இப்படித்தான். பொழுது சாஞ்சா கொண்டுபோய்க் குடுத்துருவாரு, காலையில போய் வாங்கிட்டு வருவாரு. நாங்க யாரும் சொல்லல."

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்கதான் எப்பவும் நாலு மணிக்கே ஓடிருவீங்களே."

ஆமாம். எத்தனை தடவை வந்திருக்கிறோம், எல்லாம் வெளிச்சத்தில். வெளிச்சத்தில் வந்து, வெளிச்சத்தில் கேட்டு, வெளிச்சத்திலேயே சரி என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறோம். இது தெரிந்திருந்தால் டாக்டரம்மா பஸ்ஸில் என்ன சொல்லியிருப்பார்? விடலாம் என்று எழுதியது சரி என்றா, இந்த மனுஷன் சாக்கைச் சுற்றிக்கொண்டு நடப்பதால்தான் அது சரியாக நிற்கிறது என்றா? முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் யோசித்திருப்பார். அவருக்குப் பிடித்தமான கேள்வி. கொடுத்துவைக்கவில்லை.

அந்த ஆள் என் எதிரே வந்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான் கேட்டேன். "ஏங்க அதைக் கொண்டுபோய்க் குடுக்குறீங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதில் எதையும் அவர் கையில் கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று.

"டாக்டரம்மா என்னை நம்பி எழுதினாங்க" என்றார். "எனக்கு என்னைப் பத்தி அவ்வளவு தெரியலைங்க."

ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அண்ணி ஒரு பையில் அரிசி மாவோ என்னவோ கட்டிக் கொடுத்தார். இன்னைக்கு வரைக்கும், என்று வாய்வரை வந்தது. அதை முடிக்க முடியவில்லை. அந்த ஆள் ஆட்டோ வரை கூட வந்தார்.

"இனிமே வருவீங்களா?"

"வருவேன்" என்றேன். "அடுத்த தடவை சாயங்காலமா வர்றேன்."